குறைந்திருக்கிறது என்று சொன்னேன்

எங்கள் லேபில் பல வருடங்களாக ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள் "பாய், குறைஞ்சிருக்கா?" என்று கேட்டால் போதும், உள்ளே ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோல் நான் ஓடிவிடுவேன். கூட வேலை பார்த்த இளசுகளுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "காதர் பாய் ஓடப்போறாரு, வழிய விடுங்கப்பா" என்பார்கள். 2010-ல் நான் ஓய்வு பெற்ற அன்று டீயும் மிக்சரும் கொடுத்து வழியனுப்பியபோது, கவிதா என்ற பெண் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அப்படி என்னதாண்ணே பயம் உங்களுக்கு?"

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம்தான். ஆனால் அவள் கேட்ட பயம் பிறவியில் வந்ததல்ல. 1999-ஆம் வருடம் டிசம்பரில் வந்தது.

என் ஊர் உத்தமபாளையம். மதுரையில் லேப் படிப்பு படித்து, அங்கேயே நாலைந்து இடங்களில் ரத்தம் எடுத்துக் காலம் தள்ளி, 1996-ல் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்தேன். தினமும் காலையில் பஸ் ஏறிப் போவேன். ரத்தப் பரிசோதனை ஒரு பக்கம், உடலிலிருந்து வெட்டியெடுத்த சதையைப் பக்குவப்படுத்திக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நான்தான். அதைப் பார்த்துச் சொல்வது வசந்தா மேடம்.

மேடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அதனாலேயே அவரிடம் எனக்கு நடுக்கம் அதிகம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிவார். வேலை ஒழுங்காக இருந்தால் "சரி" என்பார். அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. "சரி" வரவில்லையென்றால் நம் கையில் என்ன தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். திட்டு வாங்கினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

ஈரல் நோயாளிகளுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். காமாலையின் மஞ்சள் அளவு, ஈரல் செல் கெட்டால் ரத்தத்தில் சிந்தும் என்சைம், ரத்தம் உறையும் நேரம் மூன்றும் ஒரே தாளில் போகவேண்டும். ஒன்று குறைந்தாலும் ரிப்போர்ட் லேபை விட்டு வெளியேறக் கூடாது. அவர் கண்ணில் படாமல் எந்த ஈரல் ரிப்போர்ட்டும் போகவே கூடாது.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் மாரிச்சாமி வந்தார். கம்பத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் கம்பம்மெட்டு ஏறி இறங்கும் ஜீப் டிரைவர். ஜீப்பை நிறுத்தியதும் கடைக்குப் போய்விடுவார் என்று மனைவி செல்வி சொன்னார். கண் மஞ்சளாகி, பசி போய், வயிறு லேசாக உப்பியிருந்தது. குடியா, வைரஸா, அவர் குடித்த நாட்டு மருந்தா என்று தெரியாமல், மதுரையிலிருந்து சனிக்கிழமை தோறும் வரும் வயிற்று டாக்டர் ஈரலில் ஊசி போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அப்போது ரத்தம் உறையும் நேரம், ஊசி போட்டால் ஆபத்தில்லை என்கிற அளவில் இருந்தது.

இப்போதெல்லாம் வயிற்றின்மேல் ஒரு கருவியை வைத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்த்துவிடுகிறார்கள். அன்று அப்படியில்லை. வலது விலாவுக்கு இடையில் மரத்துப்போக ஊசி போட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, கண்மூடித் திறப்பதற்குள் நீள ஊசியை உள்ளே விட்டு எடுப்பார்கள். சேமியாத் துண்டுபோல் ஒரு சதை வரும். சதையைக் கெடாமல் வைக்கும் பார்மலின் பாட்டிலோடு நான் பக்கத்தில் நிற்பேன். நோயாளி மூச்சை விட்டுவிடுவாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம்.

அந்தச் சேமியாவை லேபுக்குக் கொண்டுவந்து ஆல்கஹாலில் போடவேண்டும். முதலில் நீர்த்தது, அப்புறம் கொஞ்சம் கெட்டி, கடைசியில் சுத்தமானது. சதையிலுள்ள தண்ணீரையெல்லாம் அது உறிஞ்சிவிடும். பிறகு மெழுகில் பதித்து, இயந்திரக் கத்தியில் சீவினால் சிகரெட் தாளைவிட மெல்லிய பட்டை வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றுவேன். குடித்துக் கெட்ட ஈரலை மறுபடி ஆல்கஹாலில் முக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போலிருக்கும்.

மாரிச்சாமியின் ஸ்லைடை வைத்துவிட்டு மேடம் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. "சரி" வரவில்லை. நான் எங்கே கோட்டைவிட்டேன் என்று மனசுக்குள் ஒவ்வொரு படியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

"உக்காரு காதர். மைக்ராஸ்கோப்போட அந்தப் பக்கக் குழாயில பாரு. என்ன தெரியுது?"

வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள் தெரிந்தன. அது கொழுப்பு இருந்த இடம். ஊதிப் பருத்த செல்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில், சுருங்கி, உருண்டு, அடர்ந்த ரோஸ் நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ கிடந்தது. எண்ணச் சொன்னார். எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது.

"அதெல்லாம் செத்த செல். செல்லு ரெண்டு மாதிரி சாகும். ஒண்ணு, அடிபட்டு வீங்கி வெடிச்சு, உள்ள இருக்கிறதையெல்லாம் கொட்டிட்டுச் சாகும். அது ரத்தத்துல உடனே தெரிஞ்சிடும். இன்னொண்ணு, தன்னைத்தானே முடிச்சுக்கும். தன் சாமானைத் தானே வெட்டி, பொட்டலம் கட்டிட்டுப் போயிடும். பக்கத்துல இருக்கிறது அதை விழுங்கிடும். வெளிய அதிகமா சிந்தாது."

"எதுக்கு மேடம் தானே சாகணும்?"

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அந்த உத்தரவு இருக்கு. கெட்டுப்போனது தானா ஒதுங்கணும்னு. நல்லதுக்குத்தான். தினமும் கொஞ்சம் போகும், புதுசு வரும். சாராயம் என்ன பண்ணுதுன்னா, ஒரே நேரத்துல கும்பலா போகச் சொல்லுது. புதுசு வர்றதுக்கு நேரமில்லை."

பிறகு கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்துச் சொன்னார். "அதனால இந்த வியாதியில என்சைம் ரொம்ப ஏறாது. குறைஞ்சாலும் சந்தோஷப்படாதே. நெருப்பு அணைஞ்சிருக்கலாம். இல்லே, எரியுறதுக்கு விறகு தீர்ந்திருக்கலாம். எதுன்னு மஞ்சளும் உறையுற நேரமும்தான் சொல்லும்."

அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டே வந்தேன். நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனாலும் எனக்குள்ளேயும் அந்த உத்தரவு இருக்கிறது, நான் கடலை கொறித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே யாரோ பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் கடலையைப் பாதியில் மடித்துப் பையில் போட்டேன்.

குடியை நிறுத்தினால் ஒழியப் பிழைக்க வழியில்லை என்று மாரிச்சாமியிடம் டாக்டர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த ஆண்களுக்குத் தெரிந்த கெட்டியான வழி ஒன்றுதான். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். மாலை கழுத்தில் இருக்கும்வரை எப்பேர்ப்பட்ட குடிகாரரும் தொடமாட்டார். அவரும் தொடவில்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் மாலையோடு விரதமும் வந்தது. காலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. நன்றாகச் சாப்பிடச் சொல்லி டாக்டர் சொன்னது காற்றோடு போயிற்று.

வாரம் ஒருமுறை திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க வருவார். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறையச் சந்தனம். முதல் இரண்டு வாரம் எல்லாமே கொஞ்சம் இறங்கியது. மேடம் "சரி" என்றார். ரம்ஜான் மாதமும் பிறந்துவிட்டது. எனக்கு நோன்பு, அவருக்கு விரதம். இருவரும் காய்ந்த வாயோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

"மலைக்குப் போற வழியில எருமேலியில உங்க வாவர் பள்ளிவாசல்ல கும்பிட்டுட்டுத்தான் பாய் ஏறுவோம். உங்களுக்கும் சேத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வாரேன்" என்றார் ஒருநாள். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் வினை.

மார்கழி முதல் திங்கட்கிழமை. மகள் பிரசவத்துக்காக மேடம் திருநெல்வேலி போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். உறையும் நேரம் பார்க்கிற மருந்து தீர்ந்துபோய், மதுரையிலிருந்து ஐஸ் பெட்டி வரவில்லை. மாரிச்சாமியின் ரத்தத்தில் என்சைம் பார்த்தேன். போன வாரத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மஞ்சள் ஏறியிருந்தது. நன்றாகவே ஏறியிருந்தது.

செல்வி கௌண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாரிச்சாமி வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

"அண்ணே, வியாழக்கிழம அவுக மலைக்குக் கெளம்புறாக. குருசாமி எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாக. எனக்குப் பயமாவே இருக்கு. குச்சனூர் சனீஸ்வரன் கோயில்ல சனிக்கிழம சனிக்கிழம எள்ளு விளக்குப் போட்டுட்டு வாரேன். குறைஞ்சிருக்காண்ணே?"

சட்டப்படி நான் சொல்லியிருக்க வேண்டியது, "மேடம் வரட்டும், அதுவரை எங்கேயும் அனுப்பாதீர்கள்" என்பதுதான். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு இன்னொரு பயமும் இருந்தது. மாலை போட்டவரை மலைக்குப் போகாதே என்று சொல்ல, அதுவும் பள்ளிவாசலுக்குப் போகிற நான் சொல்ல, எனக்கு என்ன உரிமை? மஞ்சள் எப்போதும் கடைசியில்தான் இறங்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். முந்திரிக்கொட்டையாக வாயைத் திறந்தேன்.

"என்சைம் பாதியாக் குறைஞ்சிருக்கும்மா. சாமி தைரியமாப் போயிட்டு வரட்டும்."

செல்வி முந்தானையால் முகத்தை மூடி அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான். அந்தத் தாளையும் கையில் கொடுத்தேன். மூன்றில் இரண்டு மட்டும் எழுதிய தாள். மருந்து வந்ததும் பார்க்கலாம் என்று, மீதி ரத்தத்தில் தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவை மட்டும் பிரித்து ஃப்ரீசரில் உறையவைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் மேடமும் வந்தார், மருந்தும் வந்தது. வந்ததும் வராததுமாகப் பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"இப்போ பாரு" என்றார்.

உறையும் நேரம் பார்க்க வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குழாயை வைத்து, மருந்தை விட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்திக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கவேண்டும். தண்ணீராக ஓடுவது திடீரென்று ஜவ்வாக நின்றால் வாட்சை நிறுத்தவேண்டும். முதலில் நல்ல ஆளின் பிளாஸ்மாவைப் பார்த்தேன். பதின்மூன்று விநாடியில் நின்றது. அடுத்தது மாரிச்சாமியுடையது. பதின்மூன்று போயிற்று. இருபது போயிற்று. குழாயைச் சாய்க்கிறேன், ஓடுகிறது. முப்பது. மறுபடி சாய்க்கிறேன், ஓடுகிறது. என் கை உதறுவதால்தான் ஓடுகிறதோ என்று மேடம் குழாயைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவர் கையிலும் ஓடியது. நாற்பதைத் தாண்டி எங்கேயோ நின்றது. ரத்தத்தை உறையவைக்கிற பொருளைச் செய்வது ஈரல். அதைச் செய்ய அங்கே ஆள் இல்லை. விறகு தீர்ந்துவிட்டது.

"பேஷண்ட் எங்கே?"

"மலைக்குக் கிளம்பிட்டாரு மேடம்."

"யார் போகச் சொன்னது?"

பதிவேட்டில் நான் எழுதியிருந்த வரியின்மேல் கையை வைத்தேன்.  கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்கு போன் போட்டோம். வேன் காலையிலேயே குமுளிக்குப் புறப்பட்டுவிட்டது என்றார்கள். "ஆம்புலன்ஸை எடுத்துட்டு நீயே போ. உனக்குத்தான் அவர் முகம் தெரியும்" என்றார் மேடம்.

அந்தப் பயணத்தை நான் யாருக்கும் விவரித்ததில்லை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது முன்னும் பின்னும் சரண கோஷம் போட்டபடி வண்டிகள். எந்த வேனைப் பார்த்தாலும் உள்ளே கறுப்பு வேட்டியும் தாடியும்தான். குமுளியில் ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் பேரும் ஒரே மாதிரி. இதில் ஒருவரை எப்படித் தேடுவேன்? கண்டுபிடித்தாலும் என்ன சொல்லி இழுத்துக்கொண்டு வருவேன்? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது நோன்பினால் மட்டுமல்ல.

தேடவே வேண்டியிருக்கவில்லை. வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு கூட்டம் வட்டமாக நின்று சரணம் சொல்லிக்கொண்டிருந்தது. கற்பூரப் புகை. நடுவில் மாரிச்சாமி உட்கார்ந்திருந்தார். தலை ஆடியது, கைகள் நடுங்கின, வாய் எதையோ முணுமுணுத்தது. சிலர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவருக்கு மாலை போட்டுவிட்ட பெருமாள் குருசாமி, அறுபது வயதுப் பெரியவர், விபூதித் தட்டோடு கண்ணீர் மல்க நின்றார்.

"இங்கன வந்து எறங்குனதுலருந்து சாமி வந்திருக்கு. வாய்ல பாருங்க, பழ வாசம் அடிக்குது. இருவது வருசமா மலைக்குப் போறேன், இப்படி ஒரு அருளு பாத்ததில்ல" என்றார் என்னிடம்.

குனிந்தேன். அழுகிய பழத்தின் இனிப்பு வாசம். ஈரல் செயலிழந்தவர்களின் வார்டில் அடிக்கிற வாசம் அது. குருசாமியின் பக்கம் திரும்பினேன்.

"சாமி, நான் தேனி ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறேன். என் பேரு காதர். இது அருளில்லை. இவருக்கு ஈரல் நின்னுபோச்சு. கழிவு மூளைக்கு ஏறிருச்சு. இப்பவே கொண்டுபோகணும்."

சரணம் சட்டென்று நின்றது. கூட்டத்தில் ஒருவர், "நீரு டாக்டரா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். கழிவு மூளைக்கு ஏறியதா என்று வார்டில் டாக்டர்கள் செய்துபார்ப்பது நினைவுக்கு வந்து, மாரிச்சாமியின் முன்னால் உட்கார்ந்து, "சாமி, வண்டிய நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றேன். நீட்டினார். விரித்த கைகள் மணிக்கட்டோடு பொத்தென்று விழுந்தன, எழுந்தன, மறுபடி விழுந்தன. குருசாமியையும் நீட்டச் சொன்னேன். அந்த வயதிலும் அவர் கை கல்லுப்போல் நின்றது.

குருசாமி மாரிச்சாமியின் தாடையைப் பிடித்துத் தூக்கினார். "ஏலே மாரி, உம் பொண்டாட்டி பேரென்ன? சொல்லு."

மாரிச்சாமி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு குழறினார். "மெட்டு, மெட்டு... ரெண்டே பேரு... ஏறு ஆத்தா, ஏறு..."

குருசாமியின் கையிலிருந்த தட்டு சரிந்தது. "சாமி வந்தவன் ஜீப்புக்கு ஆள் கூப்புட மாட்டான்" என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாய், நான் போட்ட மாலை இது. மலைக்குப் போகாமக் கழட்டுனா அந்தப் பாவம் எனக்கு. ஆஸ்பத்திரியில கழட்டிருவாகளா?"

"கழுத்துல ஊசி போடுவாங்க சாமி. கழட்டித்தான் ஆகணும்."

அவர் கண்ணை மூடி எதையோ சொல்லிவிட்டு, நடுங்காத அந்தக் கையால் மாலையைக் கழற்றித் தன் துண்டில் முடிந்துகொண்டார்.

தேனியில் இறக்கி, அன்றே மதுரைக்கு அனுப்பினோம். ஆறாம் நாள் மாரிச்சாமி இறந்துபோனார்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பதிவேட்டில் அந்தக் காலிக் கட்டத்தில் சிவப்பு மையால் நடந்ததை எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "திங்கட்கிழமையே சேர்த்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனா வைத்தியம் பார்த்திருக்க வேண்டிய அந்த மூணு நாள் அவரோடது. அவர் வீட்ல இதை நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. போலீஸ், கேஸ், வேலை, பிள்ளைகள் என்று முதலில் ஒரு பயம். அப்புறம் சொல்லாமல் விட்ட நாட்களே ஒரு பயமாகிவிட்டது. கம்பத்தில் ஜனங்கள் வேறு கதை பேசினார்கள். பாதி வழியில் மாலையைக் கழற்றியதால்தான் மாரிச்சாமி போனான் என்றார்கள். பெருமாள் குருசாமி அதற்குப் பிறகு யாருக்கும் மாலை போட்டுவிடவில்லை, மலைக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். யார் "குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாலும் உள்ளே ஓடினேன். இளசுகள் சிரித்தார்கள்.

கவிதா கேட்ட மறுவாரம் கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். குருசாமி ரொம்பத் தளர்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல் திங்கட்கிழமையே கையை விரித்துவிட்டது, மாலைக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை, போகச் சொன்னது நான் என்று சொன்னேன். அவர் அன்று குமுளியில் நீட்டிய மாதிரியே தன் கைகளை நீட்டிப் பார்த்தார். இப்போது அவை நடுங்கின.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய். பதினோரு வருசம் நான் மலைய நெனச்சாலே நடுங்கிக் கெடந்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, செல்விகிட்டயும் சொல்லுங்க" என்று எழுந்தார்.

இரண்டு தெரு தள்ளி வீடு. செல்வி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அன்று கௌண்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியே.

"கல்யாணம் ஆன நாள்லருந்து அவுக எப்ப வருவாக, எப்படி வருவாகன்னு பயந்து பயந்தே இருந்தவண்ணே நான். குறைஞ்சிருக்குன்னு நீங்க சொன்னீகள்ல, அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தோம். அந்த மூணு நாளுதாண்ணே நான் பயமில்லாம இருந்தது" என்றார். "அதையும் இப்ப வந்து வாங்கிட்டுப் போறீகளே."